சிறிய கார் மோதலைக் காப்பீட்டுக்குப் போகாமல் பேசித் தீர்ப்பது எப்படி?

சிக்னலில் நின்றுகொண்டிருக்கும் காரின் பின்னால் இன்னொரு கார் மெல்ல வந்து இடிக்கிறது. இருவரும் இறங்கிப் பார்க்கிறார்கள். பம்பரில் ஒரு கீறலும் சிறிய நெளிவும் இருக்கின்றன. யாருக்கும் அடி இல்லை. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. இடித்தவர் பர்ஸை எடுக்கிறார், இடிபட்டவருக்கும் நேரமாகிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு தொகை கைமாறி, இருவரும் அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். தீர்ந்துவிட்டது என்று இருவருமே நம்பும் இத்தகைய விவகாரம்தான் பல சமயம் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறது.

எனக்கு நேர்ந்ததும் அதுவே. என் காரின் பின்பக்கத்தில் ஒருவர் இடித்தார். பம்பர் தன் வடிவத்துக்குத் திரும்பிவிட்டதால், பெயிண்ட் செலவு மட்டுமே இருக்கும் என்று எண்ணி ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. டெயில் லைட்டை ஒட்டிய தகடு உள்ளே நெளிந்து, ரப்பர் சீல் விலகியிருந்தது. இடித்தவரின் தொலைபேசி எண்ணைக்கூட நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

காப்பீட்டை இழுக்காமல் இரு தரப்பும் தமக்குள் தீர்த்துக்கொள்வதில் தவறு ஏதும் இல்லை. பல நேரங்களில் இருவருக்குமே அதுதான் சிக்கனம். சாலையோரத்தில் நின்றபடி தொகை பேசுவதுதான் தவறு. அங்கே செய்ய வேண்டியது தகவல் திரட்டுவது மட்டுமே. தொகையைப் பணிமனையில் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். விவகாரம் எழுத்தில்தான் முடியும்.

எந்த மோதலைப் பேசித் தீர்க்கலாம்?

பார்வைக்குச் சிறியதாகத் தெரிவதெல்லாம் சிறிய மோதல் ஆகிவிடாது. மோதலுக்குப் பிறகு குழந்தைகளுக்கான கார் இருக்கையை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்காக, அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ‘சிறிய மோதல்’ என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து வண்டியை ஓட்டிச் செல்ல முடிய வேண்டும். குழந்தை இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமடைந்திருக்கக் கூடாது. வண்டியில் இருந்த எவருக்கும் காயம் ஏற்பட்டிருக்கக் கூடாது. ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது. இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக் கூடாது. வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், நம் தேவைக்கும் இது பொருத்தமான அளவுகோல்.

யாருக்கேனும் காயம் இருந்தால், அது எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், தனியாகத் தீர்க்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். பாதசாரி, சைக்கிள் ஓட்டுபவர், இரு சக்கர வாகனத்தில் வந்தவர் என எவர் சம்பந்தப்பட்டிருந்தாலும் இதே விதிதான். பல நாடுகளில் காயம் ஏற்பட்ட விபத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. காயமே இல்லாவிட்டாலும், சேதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் சட்டங்களும் உண்டு. ஆகவே உங்கள் ஊரில் சட்டம் என்ன கேட்கிறது என்பதை ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே அறிந்து வைத்திருப்பது நல்லது; மோதிய பிறகு சாலையில் நின்று தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

எதிரே நிற்பவர் மது அருந்தியிருப்பதாகத் தோன்றினாலும், ஓட்டுநர் உரிமத்தையோ வண்டியின் ஆவணங்களையோ காட்ட மறுத்தாலும், மூன்றாவதாக ஒரு வண்டி சம்பந்தப்பட்டிருந்தாலும், தவறு யாருடையது என்பதிலேயே இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தாலும், பேச்சுவார்த்தை உதவாது. வாடகைக் கார், அலுவலகக் கார், லீஸில் எடுத்த கார் ஆகியவற்றில் ஓட்டுபவருக்குப் பேரம் பேசும் அதிகாரமே இருக்காது. உரிமையாளரான நிறுவனத்திடம்தான் அந்த அதிகாரம் இருக்கிறது. கடனில் வாங்கிய காருக்கும் கடன் ஒப்பந்தத்தில் சேதத்தைத் தெரிவிக்கும் நிபந்தனை இருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: திடீரென்று பிரேக் போட்டுத் தானே இடி வாங்கிக்கொண்டு, உடனே ரொக்கம் கேட்டு நெருக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். காவல்துறையை அழைக்கலாம் என்று நீங்கள் சொன்னவுடன் எதிர்த் தரப்பின் அவசரம் கூடினால், அழைப்பதுதான் சரி.

மோதிய இடத்தில்

வண்டிகளை நகர்த்துவதற்கு முன், பாதுகாப்பாக எடுக்க முடிந்தால், இரண்டு வண்டிகளும் சாலைக் கோடுகளும் ஒரே சட்டகத்துக்குள் வருமாறு தொலைவிலிருந்து இரண்டு படங்கள் எடுத்துவிடுங்கள். அபாய விளக்குகளைப் போட்டு, வண்டிகளை ஓரம் கட்டிய பிறகு மற்றவற்றை நிதானமாக எடுக்கலாம். சேதத்தை அருகில் ஒன்று, சற்று விலகி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுக்க வேண்டும். எதிர் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பழைய கீறல்களையும் துருவையும் சேர்த்தே எடுங்கள். பின்னால் ‘இதுவும் நீங்கள் இடித்ததுதான்’ என்ற வாக்குவாதத்துக்கு அந்தப் படங்கள்தான் பதில் சொல்லும். என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது உயரத்தைக் காட்டும் படம். இரண்டு வண்டிகளின் சேதமும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பது தெரியும்படி, ஒரு டேப்பையோ, அதுவும் இல்லையென்றால் ஒரு தண்ணீர் பாட்டிலையோ அருகில் நிறுத்தி எடுத்தால் போதும். ஒரு வண்டியில் முழங்கால் உயரத்திலும் மற்றதில் இடுப்பு உயரத்திலும் உள்ள சேதங்கள் ஒரே மோதலில் உண்டாகியிருக்க முடியாது.

காருக்குள் இருந்து சாலையைப் பதிவு செய்யும் டாஷ்கேம் என்ற கேமரா இருந்தால் அன்றே பதிவை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் கருவி அது. இரண்டு நாள் தாமதித்தால் காட்சி அழிந்துவிடக்கூடும்.

பெயர், முகவரி, தொலைபேசி எண், வண்டியின் பதிவெண், ஓட்டுநர் உரிம எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண் ஆகியவற்றை இரு தரப்பும் பரிமாறிக்கொள்ள வேண்டும். காப்பீட்டுக்குப் போகப் போவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டாலும் பாலிசி எண்ணை வாங்கியே தீர வேண்டும், ஏனெனில் பேச்சு முறிந்தால் அது ஒன்றுதான் கையில் இருக்கும். ஓட்டி வந்தவரும் வண்டியின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் சரியானதா என்பதை அங்கேயே ஒருமுறை அழைத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பேச்சில் கவனம் தேவை. ‘உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்று கேட்பது மனிதப் பண்பு; ‘எல்லாம் என் தவறுதான், எவ்வளவு ஆனாலும் தருகிறேன்’ என்று சொல்வது வேறு. முன்னதைத் தயங்காமல் சொல்லுங்கள். பின்னதைச் சொல்லிவிட்டால் தொகைக்கு உச்சவரம்பே இல்லாத ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அதுபோலவே இடிபட்டவரும் ‘ஒன்றும் இல்லை, விடுங்கள்’ என்று சொல்லாமல் இருப்பது நல்லது. ‘பணிமனையில் காட்டிவிட்டு இரண்டு நாளில் பேசுகிறேன்’ என்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பான வாக்கியம்.

நின்றிருந்த வண்டியை இடித்துவிட்டீர்கள், உரிமையாளரைக் காணவில்லை என்றால், உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்து, எழுதி வைத்ததையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். அதன் பிறகு அதைச் சிறிய விவகாரம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

அன்றிரவு பாலிசியைப் படிப்பது

இந்த வேலையை அநேகமாக யாரும் செய்வதில்லை. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு நிபந்தனைகள் பதுங்கியிருக்கும். இழப்பீட்டுக் கோரிக்கை (கிளெய்ம்) வைத்தாலும் வைக்காவிட்டாலும் எந்த விபத்தையும் இத்தனை நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பாலிசிதாரர் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது நிபந்தனை இருந்து, நீங்கள் தனியாகப் பேசி முடித்து, பிறகு எதிர்த் தரப்பு பெரிய தொகை கேட்டு வழக்குப் போட்டால், உங்கள் நிறுவனம் கையை விரித்துவிட இடமுண்டு.

இதற்காகப் பயந்துபோய்த் தனித் தீர்வையே கைவிட வேண்டியதில்லை. கோரிக்கை வைக்கவில்லை, தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன் என்று எழுத்தில் சொல்லிவைக்கும் வழி பல நிறுவனங்களில் இருக்கிறது. அவ்வாறு சொன்னால் அது உங்கள் பதிவில் ஏறும். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அது பாதிக்குமா என்பதைச் சொல்வதற்கு முன்பே முகவரிடம் கேட்டுவிடலாம். பாலிசியைப் புதுப்பிக்கும்போதோ நிறுவனம் மாறும்போதோ ‘கடந்த ஆண்டுகளில் விபத்து ஏதும் நேர்ந்ததா?’ என்ற கேள்வி வந்தால், அது கோரிக்கை வைத்த விபத்தை மட்டும் கேட்கிறதா, எல்லா விபத்தையும் கேட்கிறதா என்று பார்த்து உண்மையைத்தான் எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் பிற்காலத்தில் பெரிய கோரிக்கை ஒன்று நிராகரிக்கப்படலாம்.

அடுத்தது கணக்கு. காப்பீட்டில் கோரிக்கை வைத்தால் முதலில் நாமே ஏற்க வேண்டிய ஒரு தொகை பல பாலிசிகளில் உண்டு. அதற்கு மேற்பட்டதைத்தான் நிறுவனம் தரும். அத்துடன், கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகக் கிடைத்துவந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி குறையும் அல்லது போய்விடும். அது மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். பணத்தின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழுதுச் செலவு 10 என்றும், நாமே ஏற்க வேண்டியது 3 என்றும், தள்ளுபடி இழப்பால் அடுத்த மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 2 வீதம் கூடுதலாகக் கட்ட நேரும் என்றும் வைத்துக்கொண்டால், காப்பீட்டு வழியில் 3 உடன் 6 சேர்ந்து 9 ஆகிறது. 10 செலவுக்கு 9 தந்து காப்பீட்டைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. அதே பழுது 25 ஆக இருந்தால் காப்பீட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த எண் தெரியாமல் பேரம் பேச உட்காருபவர் இருட்டில்தான் பேசுகிறார்.

இடிபட்டவரின் கணக்கு சற்று வேறானது. தவறு தன்னுடையது அன்று என்று நிரூபணமானால், இடித்தவரின் காப்பீடு முழுத் தொகையையும் தர வேண்டியிருக்கலாம். அப்படியிருக்கத் தனித் தீர்வுக்கு அவர் இசைவது, அலைச்சல் இல்லாமல் விரைவில் பணம் கிடைக்கும் என்பதற்காகத்தான். இந்தச் சலுகையை அவர் செய்கிறார் என்பதை இடித்தவர் உணர்ந்திருந்தால் பேச்சு சுமுகமாக நடக்கும்.

பணிமனையில்

இக்காலத்துக் கார்களின் பம்பர் என்று நாம் தொட்டுப் பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் உறைதான். அதன் பின்னால் அதிர்ச்சியை வாங்கும் நுரைக்கட்டையும், அதற்குப் பின்னால் எஃகு அல்லது அலுமினியக் குறுக்குக் கம்பியும் இருக்கின்றன. மெதுவான இடியில் உறை உள்ளே அமுங்கி மீண்டும் வெளியே வந்துவிடும். நுரைக்கட்டை நொறுங்கியிருந்தாலும், பம்பரைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் பிராக்கெட்டுகளும் உடைந்திருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த இடியில் அந்த நுரைக்கட்டை உதவாது. எனவே பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் தரும் எஸ்டிமேட் அரை எஸ்டிமேட்தான்.

முன்பக்க மோதலில் கவனிக்க வேண்டியவை அதிகம். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கும் முன்னால் இருப்பதால் முதல் அடி அதற்குத்தான் விழும். மிக நுண்ணிய கசிவாக இருந்தால் சில நாள் கழித்து ஏசி குளிரவில்லை என்றபோதுதான் தெரியவரும். ஹெட்லைட்டின் கண்ணாடி உடையாமல், அதைத் தாங்கும் காதுகள் மட்டும் முறிந்திருக்கலாம். சில மாடல்களில் காதை மட்டும் மாற்ற வழி உண்டு. இல்லையென்றால் விளக்குத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். எல்இடி விளக்கு என்றால் அந்த ஒரு பொருளே மொத்தச் செலவில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

பம்பருக்குள் இருக்கும் சென்சார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னால் செல்லும் வண்டியின் தொலைவை அளந்து தானாக பிரேக் போடும் வசதி உள்ள கார்களில், ரேடார் பெரும்பாலும் முன்பக்க கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும். பக்கவாட்டில் வரும் வண்டியைப் பற்றி நம்மை எச்சரிக்கும் ரேடார்கள் பின்பக்க பம்பரின் மூலைகளில் இருக்கும். இவை உடைய வேண்டியதில்லை, திசை விலகினாலே போதும். முன்பக்க ரேடார் 1 பாகை திரும்பியிருந்தால், 100 மீட்டர் தொலைவில் அது பார்க்கும் இடம் ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகிவிடும். அதாவது பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியைத் தனக்கு முன்னால் போவதாக அது எடுத்துக்கொள்ளக்கூடும். இதைச் சரிசெய்யும் அளவுத்திருத்தத்துக்குத் தனிக் கருவிகள் தேவை, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. எஸ்டிமேட்டில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தில் இடி விழுந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டையும், மின்சாரக் காரின் அடிப்பகுதியில் உரசியிருந்தால் பேட்டரிப் பெட்டியையும் பரிசோதிக்காமல் பேச்சையே தொடங்கக் கூடாது.

மறுபுறம், செலவு நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும் நேரங்களும் உண்டு. தகடு நெளிந்து பெயிண்ட் மட்டும் வெடிக்காமல் இருந்தால், உள்ளிருந்து கம்பிகளால் மெல்ல மெல்லத் தள்ளி, பெயிண்ட் அடிக்காமலேயே டெண்ட் எடுக்கும் முறையில் சரிசெய்துவிடலாம். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று போவதைவிட இது விரைவானது. கார் நிறுவனம் அடித்த பெயிண்டும் கலையாது. ஆனால் கதவின் மடிப்பு ஓரத்திலோ, அலுமினியத் தகட்டிலோ இது எளிதில் வராது. மேலோட்டமான கீறல் பாலிஷிலேயே போய்விடும்: நகத்தால் தடவிப் பார்த்து நகம் தட்டவில்லை என்றால் நம்பிக்கை வைக்கலாம். மெட்டாலிக், பேர்ல் நிறங்களில் ஒரு பலகைக்கு (கதவு போன்ற தனித் தகட்டுப் பகுதிக்கு) மட்டும் பெயிண்ட் அடித்தால் நிறம் ஒட்டாமல் தனியே தெரியும் என்பதால், பெயிண்டர் பக்கத்துப் பலகைக்கும் சேர்த்துக் கலந்து அடிப்பார். இடிபடாத கதவுக்கு ஏன் பணம் கேட்கிறார்கள் என்று இடித்தவர் சந்தேகப்படும் இடம் இதுதான். பெரும்பாலும் அந்தக் கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமானதாகவே இருக்கும்.

எஸ்டிமேட் இரண்டு பணிமனைகளிலாவது வாங்கப்பட வேண்டும்; உதிரிபாகம், கூலி, பெயிண்ட், அளவுத்திருத்தம் எனத் தனித்தனி வரிகளாக அது இருக்க வேண்டும். மொத்தமாக ஒரு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை எஸ்டிமேட் என்று ஏற்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பேச்சு முறிந்தால் காப்பீட்டுக்குப் போக வேண்டிவரும் என்பதால், பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். பம்பரைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, பழைய பாகங்களை எறியாமல் வைத்திருங்கள். பாலிசி கோரும் அறிவிப்புக் கெடுவுக்குள் பேச்சு முடியாவிட்டால் காப்பீட்டு வழிக்குத் திரும்புவோம் என்று முதலிலேயே இருவரும் ஒரு தேதியைக் குறித்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

தொகை பேசுதல்

பேச்சை நேரில் நடத்தினாலும், முடிந்தவற்றை உடனே ஒரு குறுஞ்செய்தியில் எழுதி அனுப்புங்கள். ‘வணக்கம். நேற்று நம் கார்கள் உரசிக்கொண்டது தொடர்பாகப் பேசியபடி, இரண்டு பணிமனைகளின் எஸ்டிமேட்டுகளை அனுப்பியுள்ளேன். பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கருத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும்’ என்ற அளவில் போதும். கோபமும் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம்.

வழக்கமாகச் சண்டை வருவது மூன்று இடங்களில். கார் நிறுவனத்தின் அசல் பாகமா, வேறு தயாரிப்பாளரின் மலிவான பாகமா என்பது முதல் இடம். காரின் வயது இதற்கு வழிகாட்டட்டும்: இரண்டு வயதுக் காருக்கு அசல் பாகம் கேட்பது நியாயம், பதினைந்து வயதுக் காருக்கு நல்ல நிலையிலுள்ள பழைய பாகமே போதும். பாதுகாப்பு தொடர்பான பாகங்களில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டாவது, பழுதுபார்க்கும் நாட்களில் வேறு வண்டிக்கு ஆகும் செலவு. இதை இடிபட்டவர் கேட்கலாம். ஆனால் பணிமனை சொல்லும் வேலை நாட்களுக்கு மட்டுமே கேட்பது முறை. மூன்றாவது, ஒரே பலகையில் பழைய கீறலும் புதிய கீறலும் இருப்பது. பெயிண்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்துதான் மறையும். இதில் கறாராகப் பங்கு பிரிக்க முயல்வதைவிட, இருவரும் சற்று இறங்கி வருவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பணத்தை இடிபட்டவர் கையில் தருவதா, பணிமனைக்கு நேராகக் கட்டுவதா என்பதும் கேள்வி. பணிமனைக்குக் கட்டினால் பணம் உரிய வேலைக்கே போகிறது. ஆனால் வேலை நடக்கும்போது ‘இன்னொன்றும் உடைந்திருக்கிறது’ என்று தொகை ஏறிக்கொண்டே போகலாம். ஆகவே உச்சவரம்பை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். மொத்தத் தொகையாகத் தந்துவிட்டால் இடித்தவருக்கு விவகாரம் முடிந்தது. ஏறினாலும் இறங்கினாலும் இடிபட்டவர் பாடு. பம்பரைக் கழற்றிப் பார்த்த எஸ்டிமேட் கையில் இருந்தால் நான் மொத்தத் தொகையையே பரிந்துரைப்பேன்.

இடிபட்டவர் மேலும் இரண்டொரு நாள் பொறுத்துக் கையெழுத்திடுவது நல்லது. கழுத்துச் சுளுக்கு, முதுகுவலி போன்றவை மோதிய நேரத்துப் பதற்றத்தில் தெரியாமல், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தலைகாட்டும். வலி தெரிந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு, காப்பீட்டு வழிக்குத் திரும்பிவிட வேண்டும்.

எழுத்தில் முடித்தல்

வாகனச் சேதத்துக்காக வழக்குத் தொடரும் உரிமை பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. பணம் கொடுத்ததற்கு மட்டும் சான்று இருந்தால், அது முன்பணம்தான், மீதி வரவில்லை என்று பிறகு சொல்ல இடமிருக்கிறது. ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் எழுத்தில் இருந்தால்தான் அந்த வாசல் அடைபடும். கையெழுத்திடுபவர் வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது இதில் மிக முக்கியம். ஓட்டி வந்த மகன் கையெழுத்திட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, உரிமையாளரான தந்தை தனியாகக் காப்பீட்டுக் கோரிக்கை வைத்தால், அவருடைய நிறுவனம் இழப்பீட்டைத் தந்துவிட்டு அதை இடித்தவரிடம் வசூலிக்க வரும்.

எழுத்து நீளமாக இருக்க வேண்டியதில்லை. மாதிரியாக இப்படி எழுதலாம்:

“………… தேதி ………… மணியளவில் ………… என்ற இடத்தில் ………… பதிவெண் கொண்ட காரும், எனக்குச் சொந்தமான ………… பதிவெண் கொண்ட காரும் மோதியதில், என் காரின் பின்பக்க பம்பர், இடது டெயில் லைட் ஆகியவை சேதமடைந்தன. இச்சேதத்துக்கான முழுமையான, இறுதியான தீர்வாக ………… தொகையை (எழுத்தில் …………) முதலில் குறிப்பிட்ட காரின் உரிமையாளரான ………… அவர்களிடமிருந்து இன்று வங்கிப் பரிமாற்றம் மூலம் பெற்றுக்கொண்டேன். இம்மோதலால் என் வாகனத்துக்கு ஏற்பட்ட சேதம் தொடர்பாக, அவர்மீதோ, வண்டியை ஓட்டியவர்மீதோ, அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின்மீதோ, நேரடியாகவோ என் காப்பீட்டு நிறுவனம் வழியாகவோ இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன். இத்தொகை சமரச அடிப்படையில் தரப்பட்டதேயன்றி, தவறை ஒப்புக்கொண்டதாகாது.”

இரு தரப்பும், இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாசகம் வாகனச் சேதத்தை மட்டுமே பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘உடற்காயம் உட்பட அனைத்துக் கோரிக்கைகளும்’ என்று சேர்க்கச் சொல்லி எதிர்த் தரப்பு கேட்டால், வழக்கறிஞரைக் கலக்காமல் கையெழுத்திட வேண்டாம். தொகை உங்கள் நிலையில் பெரியது என்று தோன்றினாலும் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது வீண் செலவன்று.

பணமும் கையெழுத்தும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். வங்கிப் பரிமாற்றமே மேலானது. குறிப்புப் பகுதியில் வண்டியின் பதிவெண்ணையும் மோதிய தேதியையும் எழுதிவிடுங்கள். பெறுபவர் எதிர்த் தரப்பின் தொலைபேசித் திரையில் தெரியும் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்ற படத்தை நம்பாமல், தம் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும். காசோலை என்றால், அது பணமான பிறகே இந்த எழுத்து செல்லும் என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். தவணை முறையை நான் விரும்புவதில்லை. வேறு வழியில்லை என்றால், கடைசித் தவணை வரும்வரை கோரிக்கை உரிமை நீடிக்கும் என்று தேதிகளோடு எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் எதிர்த் தரப்பிடமிருந்தோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ கடிதம் வந்தால், பதறித் தொலைபேசியில் வாதாட வேண்டாம். கையெழுத்தான எழுத்தின் பிரதியையும் வங்கிச் சான்றையும் இணைத்து எழுத்திலேயே பதில் அனுப்பி, உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே நாளில் தெரிவித்துவிடுங்கள். படங்கள், எஸ்டிமேட்டுகள், குறுஞ்செய்திகள், பணிமனை ரசீது ஆகிய அனைத்தையும் உங்கள் நாட்டின் வழக்குத் தொடரும் காலவரம்பு கடக்கும்வரை ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும். காரை விற்க நேர்ந்தால், பம்பர் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்கும் வாங்குபவரிடம் காட்டுவதற்கும் அதே உறை பயன்படும்.